எங்கள் அண்ணியும் ஐந்து மணி ஆமைகளும்

இப்போதெல்லாம் ஆமையின் முதுகில் சின்னதாக ஒரு கருவியை ஒட்டிக் கடலில் விட்டுவிடுகிறார்கள். அது எங்கே போகிறது, எங்கே மூச்சு வாங்க மேலே வருகிறது என்பதெல்லாம் போனில் ஒரு புள்ளியாகத் தெரிகிறது. என் மகள் கொண்டுவந்து காட்டினாள். பார்த்தேன். புள்ளி நகர்ந்தது. அதில் பார்க்க என்ன இருக்கிறது என்று கேட்டதற்கு என்னைக் கற்காலத்து ஆள் என்கிறாள். சொல்லிவிட்டுப் போகட்டும். எங்கள் காலத்தில் இரண்டு நாட்டுக்கு நடுவில் போய்வந்த ஆமைக்கெல்லாம் புள்ளி கிடையாது. ஒரு குரல்தான் உண்டு. இந்தக் கரையில் அந்தக் குரல் என் நாத்தனாருடையது.

மாமியார் இல்லாத வீடு என்று சொல்லித்தான் என்னைக் கட்டிக்கொடுத்தார்கள். மாமியாருக்கு வட்டியும் முதலுமாக ஒரு நாத்தனார் இருப்பதை யாரும் சொல்லவில்லை. என் வீட்டுக்காரருக்கு அக்கா, எனக்கு அண்ணி. அம்மா இல்லாத பிள்ளையைத் தூக்கி வளர்த்தவள். கல்யாணம் என்று யாராவது பேச்செடுத்தால், "இந்தத் தடியனை யாரு பாத்துக்கறது?" என்று தம்பியைக் காட்டிவிடுவாள். தடியனுக்குக் கல்யாணமான பிறகும் அதே பதில்தான். நான் எதற்கு அந்த வீட்டில் இருக்கிறேன் என்று சில நாள் எனக்கே சந்தேகம் வந்துவிடும். நான் உப்புப் போட்ட பாத்திரத்தில் அண்ணியும் வந்து உப்புப் போடுவாள். கேட்டால், "நீ போட்டிருக்க மாட்டேன்னு நெனச்சேன்" என்பாள்.

மீன்வளத்துறை அலுவலகத்தில் அவளுக்கு வேலை. துறைமுகத்து ஐஸ் கிடங்குக்கு மேலே, மாடியில், ஒரு குட்டி அறை. அதில் ஒரு வயர்லெஸ் பெட்டி. அதற்கு அண்ணி தன் பழைய சேலையில் உறை தைத்துப் போட்டிருந்தாள். வீட்டில் டி.வி.க்குக்கூட உறை கிடையாது. நாற்காலியில் ஒரு மெத்தை, கீழே ஐஸ் உடைக்கும் இயந்திரத்தின் தடதடப்பு, கம்பி துருப்பிடித்த ஒரே ஜன்னல். காற்று எச்சரிக்கை, படகு விவரம் என்று பகலெல்லாம் பேசிக்கொண்டிருப்பாள். மாலை ஐந்து மணியானால் மட்டும் தலைமுடியை ஒருமுறை ஒதுக்கிக்கொள்வாள். வயர்லெஸ்ஸில் முகம் தெரியாது என்பதை நான் சொல்லித்தான் பார்த்தேன்.

ஐந்து மணி ஆமைகளுக்கானது. எங்கள் அரசாங்கமும் எதிர்க்கரை அரசாங்கமும் எதிலும் ஒத்துப்போனதில்லை. மீனுக்குச் சண்டை, கடல் எல்லைக் கோட்டுக்குச் சண்டை, பாறை ஒன்று கடலுக்கு மேலே தலை நீட்டினால் அதற்கும் சண்டை. ஆமை விஷயத்தில் மட்டும் எப்படியோ ஒரே தாளில் கையெழுத்துப் போட்டார்கள். வேறு வழியில்லை. முட்டையிட எங்கள் மணலுக்கு வருகிற அதே ஆமைதான் மேய்வதற்கு அவர்கள் கடலுக்குப் போகிறது. நடுவில் இரண்டு பக்கத்து வலையிலும் மாட்டிச் சாகிறது. ஒரு பக்கம் மட்டும் காப்பாற்றி என்ன பிரயோஜனம்? அதனால் தினமும் ஐந்து மணிக்கு இரண்டு கரையும் பேச வேண்டும் என்று ஏற்பாடு. ஆமைக் கூட்டம் எங்கே தெரிந்தது, எந்தத் திசையில் போகிறது, செத்து ஒதுங்கியது எத்தனை, ஆமையின் துடுப்பில் அடையாளத் தகடு மாட்டியிருந்தால் அதன் எண் என்ன. அவ்வளவுதான் பேசலாம். கடைசியில் இரண்டு பக்கமும் "வேறு செய்தி இல்லை" என்று சொல்ல வேண்டும். அதைச் சொல்லாமல் யாரும் லைனை மூடக் கூடாது. ஆமையைத் தவிர எதுவும் பேசவில்லை என்று அதற்கு அர்த்தம். மீறினால் ஏற்பாடே ரத்து என்று இரண்டு பக்கத்துப் பெரியவர்களும் எழுதி வைத்திருந்தார்கள்.

எதிர்க்கரையில் பேசியவர் ஓர் ஆண். பெயர் சொல்லக் கூடாது என்பதும் சட்டம், அதனால் எங்கள் வீட்டில் அவர் எதிர்க்கரைக்காரர். அவருக்கு நம் மொழி அரைகுறை, அண்ணிக்கு அவர் மொழி அதிலும் பாதி. அந்த அரையையும் காலையும் வைத்துக்கொண்டு வருஷக்கணக்காக ஓட்டினார்கள். துடுப்புக் கை ஒன்று வெட்டுப்பட்ட பெண் ஆமை ஒன்று இருந்தது. அதற்கு நொண்டிச்சி என்று அண்ணி பெயர் வைத்திருந்தாள். மனுஷருக்குத்தான் பெயர் கூடாது, ஆமைக்குக் கூடாது என்று எழுதவில்லையே. ஒவ்வொரு பருவமும் அது முட்டையிட்டுவிட்டுத் திரும்பும்போது, "உங்க நொண்டிச்சி வந்துட்டா, நல்லா மேயறா" என்று அவர் சொல்வார். அன்றைக்கு அண்ணி வீட்டுக்கு வரும்போது கடையில் ஏதாவது இனிப்பு வாங்கிக்கொண்டு வருவாள். ஒரு வருஷம் ஏன் என்று கேட்டதற்கு மகளுக்கு என்றாள். என் மகளுக்கு அப்போது பல்லே முளைக்கவில்லை. நாங்கள் இரண்டு பேரும் உட்கார்ந்து தின்போம்.

இதிலெல்லாம் மாட்டிக்கொண்டவர் என் வீட்டுக்காரர். அவர் இழுவைப் படகு ஓட்டுகிறவர். ஆமைக் கூட்டம் வந்துவிட்டது என்று அண்ணி அறிவித்தால் அந்த இடத்தில் யாரும் வலை போடக் கூடாது. ஆமைக்கும் அந்த இடம்தான் வேண்டும், மீனுக்கும் அந்த இடம்தான் வேண்டும். பருவம் தொடங்கினால் வீட்டில் தட்டு பறக்கும்.

"அக்கா, நீ வாயைத் திறந்தா கடலுக்குப் பூட்டுப் போட்ட மாதிரி ஆயிடுது."

"ஆமை வந்துதுன்னா வரலைன்னு சொல்லச் சொல்றியா?"

"கொஞ்சம் லேட்டாச் சொல்லேன்."

"உனக்கு லேட்டு, அதுக்கு உயிரு. போய்ச் சாப்பிடு."

சாப்பிடப் போய்விடுவார். ஊரில் எல்லாரையும் அதட்டுகிற ஆள், அக்காவிடம் பெட்டிப் பாம்புதான்.

ஒரு வருஷம் மட்டும் அப்படி அடங்கவில்லை. அந்த வருஷம் இரண்டு நாட்டுக்கும் நடுவில் ரொம்பவே மோசமாக இருந்தது. கோட்டைத் தாண்டினவர்களைப் பிடித்து மாதக்கணக்கில் உள்ளே வைத்தார்கள். படகு திரும்பிவராது. அந்த நேரம் பார்த்து எங்கள் கரையோரம் முழுக்க ஆமைக் கூட்டம். அண்ணி அறிவித்துவிட்டாள். என் வீட்டுக்காரர் ஒரு வார்த்தை பேசாமல் படகில் ஏறி, ஆட்கள் நாலு பேரையும் கூட்டிக்கொண்டு, ஆமை இல்லாத ஆழக் கடலுக்குப் போய்விட்டார். கோட்டுக்குப் பக்கத்தில். போன மற்ற படகெல்லாம் திரும்பின. இவர் திரும்பவில்லை. இயந்திரம் நின்று நீரோட்டத்தில் போனதைத் தூரத்திலிருந்து பார்த்ததாக ஒருவர் சொன்னார். எங்கள் பக்கத்துக் காவல் படகு கோடு வரைக்கும் தேடிவிட்டு வந்தது. கோட்டுக்கு அந்தப் பக்கம் கேட்டுக் கடிதம் எழுதியிருக்கிறோம், பதில் வரும் என்றார்கள். எப்போது வரும் என்பதற்குத்தான் பதில் இல்லை.

நான் அண்ணியைப் பிடித்துக்கொண்டேன். "உங்க ஆமையைக் காப்பாத்தறதுக்கு என் புருஷனைக் கடல்ல விட்டுட்டீங்க" என்று தெருவே கேட்கக் கத்தினேன். கத்தியதில் தப்பில்லை என்றுதான் இன்றைக்கும் சொல்வேன். கையில் ஒரு பச்சைப் பிள்ளையை வைத்துக்கொண்டு வேறு யாரிடம் போய்க் கத்துவது? அண்ணி செருப்பை மாட்டிக்கொண்டு, "வா" என்றாள். பிள்ளையைப் பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டுப் பின்னாலேயே போனேன். அந்த அறைக்குள் வெளியாள் வரக் கூடாது. அன்றைக்கு யார் தடுத்திருந்தாலும் கடித்திருப்பேன்.

ஐந்து மணிக்கு அவர் குரல் வந்தது. அண்ணி ஆமைக் கணக்கைச் சொன்னாள். அவர் தன் கணக்கைச் சொல்லிவிட்டு, "வேறு செய்தி இல்லை" என்றார். இப்போது அண்ணி சொல்ல வேண்டும். சொல்லவில்லை. கையில் மைக்கைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தாள். கீழே ஐஸ் இயந்திரம் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.

"முடிக்கலையா?" என்றார் அவர்.

"முடிக்க முடியல" என்றாள் அண்ணி. "என் தம்பி படகைக் காணோம். நீலப் படகு. அஞ்சு பேரு. இஞ்சின் நின்னு உங்க பக்கம் வந்திருக்கணும். இருக்காங்களா இல்லையான்னு மட்டும் சொன்னாப் போதும்."

"நீங்க இன்னும் முடிக்கலை, முடிங்க" என்றார் அவர், யாரோ முன்பின் தெரியாதவரைப் போல. அண்ணி கண்ணை மூடிக்கொண்டு, "வேறு செய்தி இல்லை" என்றாள். படியிறங்கும்போது அந்த மனுஷனை நான் திட்டாத திட்டில்லை. இத்தனை வருஷம் பேசினதற்கு இதுதானா மரியாதை என்றேன். அண்ணி என் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தாள்.

மறுநாளும் போனோம். அவர் ஆமைக் கணக்கை முழுசாகப் படித்தார். படித்துவிட்டு வேகமாகப் பேசினார். "உங்க நீலப் படகு இங்க இருக்கு. அஞ்சு பேரும் உசுரோட இருக்காங்க. ஒருத்தருக்குக் கையில காயம், கட்டுப் போட்டாச்சு. எல்லாரும் சாப்பிட்டாங்க. கரைக்குக் கொண்டுவரலை, காவல் படகுல தெரிஞ்ச ஆளு ஒருத்தர் இருக்கார், கோட்டுக்கிட்டயே கட்டி வெச்சிருக்கார். விடியறதுக்குள்ள உங்க படகு வந்து நின்னா இழுத்து விட்டுடுவார். விஷயம் பெரிய ஆபீசுக்குப் போயிட்டா என் கையில இல்ல. சீக்கிரம்."

அவர் பேசிக்கொண்டிருக்கும்போதே பின்னால் கதவு திறக்கிற சத்தமும் யாரோ ஏதோ கேட்கிற சத்தமும் எங்களுக்குக் கேட்டது. "வேறு செய்தி இல்லை" என்று முடித்துவிட்டார்.

துறைமுகத்துப் படகுகள் அடித்துப்பிடித்துக்கொண்டு போயின. மறுநாள் காலையில் என் வீட்டுக்காரர் கையில் கட்டோடு வீட்டு வாசலில் நின்றார். நான் அழுதேன், திட்டினேன், மறுபடி அழுதேன். அண்ணி அவரை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "குளிச்சிட்டு வா, நாறுது" என்று உள்ளே போய்விட்டாள். அடுப்படியில் முகத்தைச் சேலையில் பொத்திக்கொண்டு அவள் குலுங்கினதை நான் பார்த்தேன்.

அன்று மாலை ஐந்து மணிக்கு எதிர்க்கரையில் வேறு குரல். "பழையவர் எங்கே?" என்று அண்ணி கேட்டாள். "ஆமையைப் பத்தி மட்டும் பேசுங்க" என்றது குரல்.

இந்தப் பக்கமும் விசாரணை வந்தது. எங்கள் அதிகாரி அண்ணியைக் கூப்பிட்டு, "படகைப் பத்தி நீங்க ஏதாவது கேட்டீங்களா?" என்றார். கேட்டேன் என்றால் இரண்டு பக்கமும் மீறினதாகி ஏற்பாடு அன்றோடு ரத்து. கடல் முழுக்க ஆமை நிற்கிறது. அண்ணி, "இல்ல சார், அவங்களாதான் சொன்னாங்க" என்றாள். அந்தப் பக்கம் அவரும் ஏதாவது சொல்லிச் சமாளித்திருப்பார், இடம் மாற்றியிருப்பார்கள், கொஞ்ச நாளில் வந்துவிடுவார் என்றுதான் நாங்கள் நினைத்தோம். வரவில்லை. ஒரு பருவம் போய் அடுத்த பருவம் வந்தது. முதலில் அண்ணி கவலைப்பட்டாள். பிறகு அவளுக்குக் கோபம் வந்தது. "ஒரு வார்த்தை யார்கிட்டயாவது சொல்லி அனுப்பக் கூடாதா?" என்பாள். அதற்கப்புறம் அவரைப் பற்றிப் பேசுவதையே விட்டுவிட்டாள். நொண்டிச்சி வந்தாளா என்று புதுக் குரலிடம் கேட்டுப் பார்த்தாள். அதற்குத் தகடு எண் மட்டும்தான் தெரிந்திருந்தது.

இழுவை வலையில் ஆமை தப்பித்துப் போவதற்கு ஒரு கம்பிக் கதவு வைக்கலாம் என்று துறையில் சொன்னபோது, எங்கள் துறைமுகத்தில் முதலில் வைத்தவர் என் வீட்டுக்காரர்தான். ஏன் என்று கேட்ட சிநேகிதர்களிடம், "சும்மாதான்" என்றார்.

இப்படியே வருஷங்கள் ஓடி, அண்ணி வேலையிலிருந்து ஓய்வு பெறச் சில மாதங்களே இருந்தபோது இரண்டு நாட்டு ஆமைக்காரர்களும் முதல் தடவையாக நேரில் கூடினார்கள். எங்கள் ஊரில், அதே அலுவலகத்தில், கீழே இருக்கிற பெரிய கூடத்தில். அதற்குள் அண்ணி அவர்கள் மொழியில் நன்றாகவே தேறியிருந்தாள். அதனால் அவர்கள் பேசுவதை நமக்கும், நாம் பேசுவதை அவர்களுக்கும் சொல்கிற வேலையை அவளிடம் கொடுத்திருந்தார்கள். டீ கொடுக்கும் பொறுப்பு துறைமுகத்துப் பெண்கள் சங்கத்துக்கு. சங்கம் என்றால் நானும் இன்னும் இரண்டு பேரும்.

டீ இடைவேளையில் எதிர்க்கரையிலிருந்து வந்த கால்நடை டாக்டர் அம்மா ஒருவர் அண்ணியின் குரலைக் கேட்டுவிட்டு, அவர்கள் மொழியில் ஏதோ சொன்னார். அண்ணி ஏதோ கேட்டாள். அவர் பதில் சொல்லச் சொல்ல அண்ணியின் கையிலிருந்த டீ தட்டில் வழிந்தது. நான் ஓடிப்போய் வாங்கிக்கொண்டேன்.

"என்ன சொல்றாங்க அண்ணி?"

"அவரைச் சாமான் கிடங்கு வேலைல போட்டுட்டாங்களாம். கயிறும் பெயின்ட் டப்பாவும் எண்ணிக்கிட்டு இருக்காராம், இத்தனை வருஷமா" என்றாள் அண்ணி. "விசாரணையில, அந்தப் பக்கத்துப் பொண்ணு எதுவும் கேக்கல, நானாதான் பேசினேன்னு சொல்லிட்டாராம். கேட்டாங்கன்னு சொல்லியிருந்தா அவரை விட்டிருப்பாங்க. லைனை மூடியிருப்பாங்க. என் வேலையும் போயிருக்கும். அங்க அவரு அப்படிச் சொல்ல, இங்க நானும் இல்லன்னு சொல்ல, ரெண்டு பேருமாச் சேந்து அவரைக் கிடங்குல தள்ளிட்டோம்."

கூட்டம் மறுபடி தொடங்கியது. எங்கள் பக்கத்துத் தலைவர், இத்தனை காலமும் ஒரு சின்ன விதிமீறலைத் தவிர இந்த ஏற்பாடு ஒழுங்காக நடந்தது என்று பெருமையாகச் சொன்னார். அண்ணி எழுந்து அதை அவர்கள் மொழியில் சொன்னாள். பிறகு உட்காரவில்லை.

"இனிமே சொல்றது என் சொந்தப் பேச்சு" என்றாள். "அந்த விதியை மீறினது அவர் இல்ல. நான்தான். என் தம்பி படகைத் தேடித் தரச் சொல்லி நான்தான் கேட்டேன். அவர் என்னைக் காட்டிக்கொடுக்கல." அதையே அவர்கள் மொழியிலும் சொன்னாள்.

எங்கள் தலைவருக்கு முகம் செத்துப்போனது. "அம்மா, அதெல்லாம் பழைய கதை. உக்காருங்க."

"உக்காந்தே இத்தனை வருஷத்தை ஓட்டிட்டேன் சார்" என்றாள் அண்ணி.

அந்த வாரமே அவளை வேலையிலிருந்து எடுத்துவிட்டார்கள். பிரிவு உபசாரம், மாலை, போட்டோ எதுவும் கிடையாது. பெட்டிக்குப் போட்டிருந்த சேலை உறையைக்கூட எடுத்துக்கொள்ள விடவில்லை, அலுவலகச் சொத்தாம். ஏற்பாட்டை மட்டும் ரத்து செய்யவில்லை. அதற்குள் இரண்டு கரையிலும் ஆமை பெருகி, அதை வைத்து இரண்டு நாட்டுக்கும் வெளியே நல்ல பெயர் வந்துவிட்டிருந்தது. யாருக்கும் மூட மனசில்லை.

அண்ணி வீட்டில் இருந்து என் பாத்திரங்களில் உப்புப் போட்டுக்கொண்டிருந்தாள். நான் ஒன்றும் சொல்லவில்லை. நாளாக ஆக, ஐந்து மணி வந்தால் அவள் எங்கே உட்காருவதென்று தெரியாமல் வீட்டுக்குள் நடப்பதைப் பார்க்க எனக்குச் சகிக்கவில்லை. அந்த நாட்களில்தான் ஒரு சாயங்காலம், அவள் இடத்தில் புதிதாக வேலைக்கு வந்திருந்த பெண் போன் செய்தாள்.

"அக்கா, நேத்துலேர்ந்து அந்தப் பக்கம் வேற ஆளு. வயசானவர் குரல். கணக்கெல்லாம் சொல்லிட்டு, நொண்டிச்சின்னு ஒரு ஆமை வந்துதான்னு கேக்கறார். எனக்கு ஒண்ணும் புரியல."

அண்ணி போனைப் பிடித்தபடியே சுவரில் சாய்ந்துகொண்டாள்.

மறுநாள் ஐந்து மணிக்கு முன்னாலேயே மூன்று பேரும் போனோம். என் வீட்டுக்காரரும் வந்தார். அண்ணிக்கு இனி மாடிக்கு அனுமதி இல்லை. ஐஸ் கிடங்குப் பக்கமாகச் சுற்றிப்போய், அந்த ஜன்னலுக்குக் கீழே நின்றோம். அன்றைக்கு இயந்திரத்தை நிறுத்தி வைக்கச் சொல்லி என் வீட்டுக்காரர் ஏற்கெனவே பேசியிருந்தார். அந்தப் பெண் ஜன்னலைத் திறந்து வைத்துப் பெட்டியின் சத்தத்தைக் கூட்டினாள்.

குரல் வந்தது. முன்பைவிட நிதானம், நடுவில் ஓர் இருமல். எந்தப் பக்கம் எத்தனை, எந்தத் திசையில் என்று அரைகுறையாக நம் மொழியில் படித்துக்கொண்டு போனது. அண்ணி அண்ணாந்து பார்த்தபடி நின்றாள். "நல்லா வயசாயிடுச்சு இவருக்கு" என்று என்னிடம் சொன்னாள். அவள் முகத்தில் அப்படியொரு சந்தோஷத்தை நான் அதற்கு முன்னால் பார்த்ததில்லை.

என் வீட்டுக்காரர் அந்தக் குரலை அதுவரை கேட்டதே இல்லை. "இவரா?" என்றார். "இவர்தான்" என்றாள் அண்ணி. அவர் கண்ணெல்லாம் தண்ணீர். மேலேயிருந்த பெண் அதைப் பார்த்துவிட்டு, மைக்கின் கம்பியை இழுத்து ஜன்னல் கம்பிக்கு வெளியே நீட்டினாள், பேசுங்க என்று சைகை காட்டினாள். அவர் ஓரடி முன்னால் போய் வாயைத் திறந்தார். அண்ணி எட்டி அவர் வாயைத் தன் கையால் பொத்தினாள்.

"வேண்டாம் தம்பி" என்றாள் மெதுவாக. "அவரை மறுபடியும் கிடங்குல போட்டுடுவாங்க."

அவள் கைக்குப் பின்னால் அவர் அழுதார். மேலே எதிர்க்கரைக்காரர் கணக்கைப் படித்து முடிக்கிற வரைக்கும் அண்ணி கையை எடுக்கவில்லை.